டெங்கு நேரத்தில் கை கொடுத்த தண்டையார்பேட்டை லேப்

தம்பிக்கு டெங்கு வந்தபோது தினமும் ரத்தப் பரிசோதனை செய்தது எங்கள் தெரு முனையில் இருக்கும் சின்ன லேபில்தான். காலை ஆறரைக்கே திறந்துவிடுகிறார்கள், ஊசி குத்தும் அக்காவுக்கு நல்ல கை, ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரிப்போர்ட். முந்தைய நாள் அளவுகளையும் பக்கத்திலேயே அச்சடித்துத் தருகிறார்கள். நாம் எல்லோரும் தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு என்று மட்டும்தான் கேட்போம், ஆனால் அந்த அக்கா ஹெமடோக்ரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவை, பேனாவால் வட்டம் போட்டு, "டாக்டர்கிட்ட இதையும் காட்டுங்க" என்றார். தட்டணு வேகமாக இறங்கும்போது ஹெமடோக்ரிட் ஏறினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தமாம், அதுவும் பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் நடக்குமாம். தம்பிக்கும் அப்படித்தான். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, அம்மா ரசம் சாதம்கூடப் பிசைந்துவிட்டார், ஆனால் ரிப்போர்ட்டில் ஹெமடோக்ரிட் 39 இருந்தது 47 ஆகியிருந்தது. முதல் அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல். உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், சலைன் ஏற்றினார்கள், இப்போது நன்றாக இருக்கிறான்.

குறை என்றால், ஞாயிறு மதியத்துக்கு மேல் பூட்டிவிடுகிறார்கள். டெங்கு சீசனிலாவது சாயங்காலம் வரை திறந்து வையுங்கள், ப்ளீஸ்.