ஒயின் சுற்றுலா: தனி வழிகாட்டியா, ஓட்டுநரா, குழுப் பேருந்தா, சொந்த ஓட்டமா?

விடுமுறையில் ஒயின் தயாரிப்பகங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களில் பலரும், வண்டியை யார் ஓட்டுவது என்பதை மட்டும் யோசித்துவிட்டு வழிகாட்டி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அது தவிர்க்க முடியாத கணக்குதான் என்றாலும், வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஓட்டுவதற்கானது அன்று. போய் இறங்கும் இடத்தில் யார் நம்மை உள்ளே அழைக்கிறார், யாரோடு பேச வைக்கிறார் என்பதற்கானது.

முதலில் ஓட்டும் கணக்கு. ஓரிடத்தில் ஐந்து வகை ஒயினைத் தலா 30 மில்லி ஊற்றினால், மொத்தம் 150 மில்லி, அதாவது ஒரு முழுக் கோப்பை. 13 சதவீத ஒயின் என்றால் அதில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கும். நம் உடல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஒரு நாளில் மூன்று இடம் போனால் 45 கிராம் சேர்ந்துவிடும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் பொதுவான வரம்பு. ஹங்கேரியிலும் செக் குடியரசிலும் வரம்பே பூஜ்யம். ஆகவே தாமே ஓட்டுவதென்றால், ஒருவர் முற்றாகத் தவிர்க்க வேண்டும், அல்லது சுவைத்ததை எல்லாம் துப்புக் கிண்ணத்தில் துப்ப வேண்டும். துப்புவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தொழில்முறைச் சுவைப்பாளர்கள் அனைவரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் விடுமுறைக்கு வந்த இடத்தில் மூன்றாம் நாளும் அதே உறுதியோடு துப்புகிறவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

சொந்த ஓட்டம் நன்றாகப் பொருந்தும் இடங்களும் உண்டு. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 1953 முதல் இருந்துவரும் ஒயின் பாதை சுமார் 170 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் கிராமங்களில் தயாரிப்பாளர்களின் வாசல் தெருவைப் பார்த்தே இருப்பதால், ஒரு கிராமத்தில் தங்கிக்கொண்டு நடந்தே சுவைத்துவிடலாம். அதே நாட்டின் பர்கண்டி பகுதியில் போன் நகரிலிருந்து சாந்தனே வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் பாதை போகிறது.

கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கு வேறு கதை. 1990இல் அந்த மாவட்டம் கொண்டுவந்த விதியின்படி, அதற்குப் பின் தொடங்கப்பட்ட தயாரிப்பகங்கள் முன்பதிவு செய்தவர்களுக்கே சுவைக்கக் கொடுக்க முடியும். ஆயினும் அந்த முன்பதிவை நாமே இணையத்தில் சில நிமிடங்களில் முடித்துவிடலாம், பேச்சும் ஆங்கிலம்தான். அப்படிப்பட்ட இடத்தில் தனி வழிகாட்டி நமக்காகச் செய்ய மிச்சமிருப்பது குறைவு. நாம் வாடகைக்கு எடுத்த காரையே ஓட்ட, மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஓட்டுநர் அங்கே கிடைக்கிறார். என் கணிப்பில் நாப்பாவுக்கு அதுவே போதும். வண்டியும் சேர்த்து அவர்களுடையதே என்றால், வாடகைப் பயண வண்டிகளுக்கு மாநில ஆணையம் கொடுக்கும் டி.சி.பி. உரிமத்தின் எண் வண்டியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ஓடும் ஒயின் ரயில் சாப்பாட்டுக்கும் வேடிக்கைக்கும் ஏற்றது. ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவருக்கு அன்று.

குழுப் பேருந்து தனியாகப் பயணம் செய்கிறவருக்கு நியாயமான தேர்வு. வழிகாட்டிகள் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்காமல் வண்டிக்கு இவ்வளவு என்றே வாங்குவதால், ஒருவரோ இருவரோ போனால் தாங்காது. ஆறு பேர் பங்கிட்டால் பேருந்துக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். பேருந்தின் குறை, அது நிற்கும் இடங்கள் எல்லாம் கூட்டத்தை வரவேற்கத் தனிக் கூடம் கட்டி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களாகவே இருப்பது.

தனி வழிகாட்டி தன் கூலியை உண்மையாகவே சம்பாதிப்பது பர்கண்டி போன்ற பகுதிகளில்தான். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அதன் தோட்டத் துண்டுகள் 1,247. குளோ த வூஜோ என்ற ஒரே தோட்டம் சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ளது. ஒரே மதில், ஒரே பெயர், ஆனால் உரிமையாளர்கள் ஏறத்தாழ 80 பேர். அந்த மதிலோரம் நம்மை நிறுத்தி, மேட்டில் நீர் வடிந்துவிடும், சாலையோரத் தாழ்வில் ஈரம் தங்கும், ஆகவே புட்டியின் மேல் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல என்று கையால் சரிவைக் காட்டிச் சொல்ல ஒருவர் வேண்டும். புத்தகத்தில் படித்தபோது மனதில் பதியாத செய்தி, அங்கே நின்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

அங்குள்ள சிறு தயாரிப்பாளர்களிடம் வரவேற்பாளர் கிடையாது. உரிமையாளரே வயலில் இருப்பார், மின்னஞ்சலுக்குப் பதில் வராது. பல ஆண்டுகளாகப் பழகிய வழிகாட்டி தொலைபேசியில் அழைத்தால் கதவு திறக்கும். நிலவறையில் பீப்பாய்க்குள் கண்ணாடிக் குழாயை இறக்கி உறிஞ்சி உரிமையாளர் நம் கோப்பையில் விடும் ஒயின் இன்னும் விற்பனைக்கு வராதது. மிச்சத்தைத் தரையில் கொட்டாமல், பீப்பாயிலேயே திருப்பி ஊற்றக் கையை நீட்டுவார். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், சுவைப்புக்குப் பணம் வாங்காத இடத்தில் கிளம்பும்போது இரண்டு புட்டியாவது வாங்க வேண்டுமா என்பதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் காதோடு சொன்னால்தான் தெரியும்.

எல்லா வழிகாட்டியும் அப்படி இல்லை. ஒருமுறை நான் அமர்த்திய வழிகாட்டி மூன்றாவதாகக் கூட்டிப் போனது, எங்கோ தயாரான புட்டிகளை அடுக்கி விற்கும் கடைக்கு. அவருக்கும் கடைக்காரருக்கும் இருந்த பழக்கத்தைப் பார்த்தபோதுதான் கமிஷன் விஷயம் உறைத்தது. அதன்பின், எந்தெந்த இடங்கள், அவற்றைத் தேர்ந்தெடுத்தது எதனால், அங்கிருந்து உங்களுக்குப் பங்கு வருகிறதா, சுவைப்புக் கட்டணம் இதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்காமல் நான் முன்பணம் கொடுப்பதில்லை. டபிள்யூ.எஸ்.இ.டி. போன்ற ஒயின் படிப்புச் சான்றிதழ் அவருக்கு ஒயின் தெரியும் என்பதற்குத்தான் சாட்சி. ஊரில் யாரைத் தெரியும் என்பதை அது சொல்லாது. அறுவடைக் காலமான செப்டம்பரில், சிறிய இடங்கள் எல்லாவற்றையும் காட்டுவதாக உறுதி கூறுகிறவரையும் சற்றுச் சந்தேகிக்கலாம். அந்த வாரங்களில் அவர்களுக்கு விருந்தினரைக் கவனிக்க நேரம் இருப்பதில்லை.

மூன்று நாள் பயணம் என்றால், மூன்று நாளுக்கும் வழிகாட்டியை அமர்த்துவதை விட, முதல் நாளுக்கு மட்டும் அமர்த்திக்கொண்டு, மறுநாள் ஓட்டுநரோடும் அதற்கடுத்த நாள் நடந்தும் போவதையே நான் விரும்புவேன். முதல் நாள் மாலை, நமக்கு எது பிடித்தது என்று அவருக்கே தெரிந்திருக்கும். மறுநாளுக்கு இரண்டு பெயர்களைக் கேட்டால், நல்ல வழிகாட்டி அங்கேயே தொலைபேசியை எடுத்து நேரமும் வாங்கித் தந்துவிடுவார்.