பழைய சோடா மெசினுக்குள் எல்ஈடி ரியூப்

உப்புவெளியில் எங்கள் கடை வாசலில் நிற்கும் பழைய சோடா மெசினில், மினுங்கி மினுங்கி எரிந்த ரியூப் லைற்றுகளுக்குப் பதிலாக நாலடி எல்ஈடி ரியூப் போட்டோம். எனக்கு முழுத் திருப்தி.

பழையவை 38 மில்லிமீற்றர் தடிப்பான டி12, புதியவை 26 மில்லிமீற்றர் டி8. ஊசி இடைவெளி ஒன்றுதான் என்பதால் அதே ஹோல்டரில் சரியாக இருந்துவிட்டன. பழைய ரியூப்பை எரியவைக்க இருந்த, கடல் காற்றில் துருப்பிடித்த சோக்கையும் ஸ்டாட்டரையும் வயரிங் செய்யும் தம்பி கழற்றிவிட்டு, 230 வோல்ற்றை நேரே கொடுத்தார். சில ரியூப்களுக்கு ஒரு முனையிலேயே இரண்டு வயரும் வரவேண்டும், சிலவற்றுக்கு முனைக்கு ஒன்று. பெட்டியிலுள்ள படத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

வெளிச்சத்தின் நிறம்தான் முக்கியம். அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடக்கூட நீலம் கூடும். ரியூப் வாங்கிய கடையில் முதலில் தந்தது 6500 கெல்வின்; நீலம் அடித்து, முகப்பின் சிவப்பு எழுத்தே செத்துப்போனது. 4000 கெல்வினுக்கு மாற்றியதும் என்ன அழகான சிவப்பு! பால்நிற மூடியுள்ளதையே கேட்டு வாங்குங்கள், தெளிந்த மூடியென்றால் முகப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும். குளிர் பட்டால் மங்குகிற பழைய குணமும் இதற்கு இல்லை.

அப்புறம், கழற்றிய ரியூப்களுக்குள் பாதரசம் இருக்கிறது. உடைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.