பழைய டிவிடியா, புது புளூ-ரேயா?

1960-களின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இப்போது புளூ-ரேயில் வந்திருக்கிறது. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாங்கிய டிவிடி வீட்டில் இருப்பவர்கள் இதையும் வாங்க வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

டிவிடியில் படம் 480 கிடைக்கோடுகளால் ஆனது, புளூ-ரேயில் 1080. நகை, புடவைக் கரை எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் பிலிமின் துகள்களைத் துடைக்கப்போய் தோலின் சுருக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். முகங்கள் மெழுகு பொம்மைபோல் ஆகிவிட்டன.

அதைவிடப் பெரிய குறை, படத்தின் சட்டகம் (ஃப்ரேம்). தமிழில் சினிமாஸ்கோப் என்னும் அகலத்திரைப் படம் வந்ததே 1973-ல், ‘ராஜராஜ சோழன்’ படத்தோடுதான். இது அதற்கு முந்தையது, அகலம் 4, உயரம் 3 என்ற விகிதத்தில் (4:3) எடுத்த படம். அகல டிவியை நிரப்ப மேலும் கீழும் வெட்டியதில் கால்வாசிப் படம் காணாமல் போய்விட்டது. நடனக் காட்சியில் பாதமே தெரியவில்லை. “சலங்கை சத்தம் கேக்குது, காலைக் காணோமேடா” என்று சித்தப்பா வருத்தப்பட்டார். எனக்கும் மனசு ஆறவில்லை.

டிவிடியில் கீறலும் இரைச்சலும் உண்டு. ஆனால் முழுப் படமும் இருக்கிறது, மோனோ என்னும் ஒற்றைத் தட ஒலியில் வசனம் தெளிவாகக் கேட்கிறது.

டிவிடி கிடைக்காதவர்கள் விலை இறங்கியதும் புளூ-ரேயை வாங்கலாம். வெட்டாத பதிப்பு வந்தால் முழு விலை கொடுத்தே வாங்குவேன்.