டபுள் சின்னுக்குக் கத்தியா, ஊசியா, குளிரா?

"சர்ஜரியெல்லாம் எதுக்கு, ஊசி போட்டாலே கரைஞ்சிடுமாமே" என்று டபுள் சின்னைப் பற்றி, அதாவது தாடைக்கு அடியில் சேரும் கொழுப்பைப் பற்றிக் கேட்பவர்கள் நிறையப் பேர். கத்தி இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. பக்கவிளைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது.

லைப்போசக்‌ஷனில் தாடைக்கு அடியில் ஒரு சின்னக் கீறல், தேவைப்பட்டால் காதுமடல்களுக்குப் பின்னாலும் போடுவார்கள். மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்புநீரை உள்ளே நிரப்பி, மெல்லிய குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். வீக்கமும் ரத்தக்கட்டும் மரத்துப்போதலும் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். இரண்டாவது வாரத்துக்கு மேல் தடவிப் பார்த்தால் கயிறு மாதிரி கட்டிகட்டியாகத் தட்டுப்படலாம். பலரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் பெரும்பாலும் இது சில மாதங்களில் இளகிவிடும்.

பயப்பட வேண்டியவை வேறு. நடுவில் அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்டால் அங்கே குழி விழுந்து, இரு பக்கமும் தசை நார்கள் துருத்திக்கொண்டு நிற்கும். நல்லபாம்பு படம் எடுத்த மாதிரி இருப்பதால் மருத்துவர்கள் அதை 'கோப்ரா நெக்' என்கிறார்கள். சரிசெய்ய இன்னொரு சர்ஜரி தேவைப்படும். தோலில் இழுவை குறைந்த வயதானவர்களுக்கு, கொழுப்பு போன இடத்தில் தோல் காலிப்பை போலத் தொங்கும். சர்ஜரி அன்று இரவு ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம்.

சரி, ஊசி? அதில் இருப்பது டீஆக்ஸிகோலிக் அமிலம், நம் பித்தநீரில் இருந்துகொண்டு கொழுப்பைச் செரிக்க உதவும் அதே பொருள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015 ஏப்ரலில் இதற்கு அனுமதி தந்தது. ஒரு தடவைக்கு 50 குத்துகள் வரை, ஒரு மாத இடைவெளி விட்டு 6 தடவை வரை போடலாம். ஒவ்வொரு தடவையும் கழுத்து தவளை மாதிரி உப்பும். லைப்போவில் ஒரே தடவை படுகிற அவஸ்தையை இங்கே தவணையில் படவேண்டியிருக்கும். 'ஊசிதானே' என்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கீழுதட்டை இழுக்கும் நரம்பு தாடை ஓரமாகவே ஓடுகிறது. அது அடிபட்டால், 'ஈ' என்று சொல்லும்போது உதடு ஒரு பக்கம் மட்டும் இறங்கும், சிரிப்பு கோணும். லைப்போவிலும் இது நடக்கும். ஆனால் ஊசிக்கான ஆய்வுகளிலேயே சுமார் 4 சதவீதம் பேருக்கு இது வந்தது. எல்லாருக்கும் தானாகவே சரியானது, சிலருக்குச் சில நாளில், அதிகபட்சமாக 298 நாளில். 2 சதவீதம் பேருக்கு விழுங்குவதில் சிரமம் இருந்தது. ஆண்களுக்குக் குத்திய இடத்தில் தாடி கொட்டலாம். இதெல்லாம் அனுமதி பெற்ற மருந்தின் கதை. பார்லரில் போடும் பெயர் தெரியாத 'ஃபேட் டிசால்விங்' ஊசியை நான் ஒப்பீட்டுக்கே எடுக்கமாட்டேன். அப்படிப்பட்ட அனுமதியில்லாத ஊசிகளால் நிரந்தரத் தழும்பும் தொற்றும் வந்ததாக 2023 டிசம்பரில் எஃப்.டி.ஏ.வே எச்சரித்தது.

மூன்றாவது, குளிரால் கொழுப்புச் செல்களைச் சாகடிக்கும் கூல்ஸ்கல்ப்டிங். ஊசியும் கிடையாது, கீறலும் கிடையாது. சிவத்தல், மரத்துப்போதல் சில வாரத்தில் போய்விடும். அரிதாக, குளிர் பட்ட இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதிலாகக் கெட்டியாகிப் பெருக்கும். மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா தனக்கு அப்படி ஆனதாக 2021இல் வெளியே சொன்னார், அடுத்த ஆண்டு கூல்ஸ்கல்ப்டிங் நிறுவனத்தின் மீது அவர் போட்ட வழக்கு சமரசமானது. பெருத்த கொழுப்பு தானாகக் கரையாது. அதை எடுக்க வழக்கமாகச் செய்வது என்ன தெரியுமா? லைப்போசக்‌ஷன்தான்!

அதனால் தோல் இறுக்கமாக உள்ளவருக்கு, கைதேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் கிடைத்தால், நான் லைப்போ பக்கம்தான் சாய்வேன். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால் மட்டும் யோசிப்பேன்.

எதற்கும் முன்னால் பல்லைக் கடித்து, கழுத்துத் தசையை இறுக்கிக்கொண்டு தாடைக்கு அடியில் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் சதை அப்படியே நின்றால் கொழுப்பு தசைக்கு மேலே இருக்கிறது. பிடி நழுவினால் பெரும்பகுதி தசைக்குக் கீழே இருக்கலாம். அப்படியிருந்தால் இந்த மூன்றுமே பெரிதாக உதவாது. சர்ஜனிடம் முதலில் அதைக் கேளுங்கள், செலவை அப்புறம் பேசலாம்.