"ரெண்டும் 14 இன்ச்தாண்ணே": காரைக்குடிப் பக்கம் டயர் மாற்றப் போகிறவர்கள் கவனிக்கவும்

புதுவயல் போய்த் திரும்பும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி, என் ஸ்விஃப்டின் முன்டயர் பக்கவாட்டில் முட்டை மாதிரி வீங்கிவிட்டது. நாலு டயரிலும் பட்டன் தேய்ந்துதான் இருந்தது. அப்போதைக்கு இரண்டை மாற்றலாம் என்று காரைக்குடியில் ஒரு டயர் கடைக்குப் போனேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடைப் பெயரை எழுதவில்லை.

என் வண்டிக்குரிய அளவு 165/80 ஆர் 14. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே அது இருக்கிறது. கடையில் மாட்டியது 175/65 ஆர் 14. எண் வேறாக இருக்கிறதே என்று கேட்டேன். "ரெண்டும் 14 இன்ச்தாண்ணே. இது கொஞ்சம் அகலம், ரோட்டை நல்லாப் பிடிக்கும். மைலேஜும் கூடும். பென்ஸு, பி.எம்.டபிள்யூல எல்லாம் முன்னாடி ஒரு சைஸு, பின்னாடி ஒரு சைஸுதானே வருது?" என்றார். இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவர் சொல்கிறார் என்று நம்பினேன். எஞ்சின் பாரம் முன்னால் என்று சொல்லிப் புதியதை முன்னால் மாட்டி, பழையதைப் பின்னால் போட்டார். 8,400 ரூபாய். பில்லில் "14 இன்ச் டயர் – 2" என்று மட்டும் எழுதியிருந்தது.

மூன்றாம் நாள், தினமும் ஏறி இறங்கும் வேகத்தடையில் வண்டியின் முன்னடி உரசியது. அடுத்த முறை பெட்ரோல் போட்டபோது, லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி 21க்கு மேல் காட்டியது. அவர் சொன்னது சரிதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். 14 என்பது ரிம்மின் அளவு. டயரின் முழு உயரத்தை மற்ற இரண்டு எண்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. முதல் எண் டயரின் அகலம், மி.மீ. கணக்கில். இரண்டாவது, ரிம்முக்கு வெளியே தெரியும் ரப்பரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 165இல் 80 சதவீதம் 132 மி.மீ. மேலும் கீழுமாக 264. 14 இன்ச் ரிம் 356. மொத்தம் 620 மி.மீ. அவர் மாட்டியதைக் கணக்குப் போட்டால் 583தான் வருகிறது. அந்த வித்தியாசத்தில் பாதி, முன்பக்கம் 18 மி.மீ. இறங்கியதால்தான் அடி உரசியது. சின்னச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 32 சுற்று கூடுதலாகச் சுற்றும். என் வண்டியில் கிலோமீட்டர் கணக்கு முன்சக்கரத்தை வைத்துத்தான் ஓடுகிறது. ஓடாத தூரத்தையும் மீட்டர் கூட்டிக் காட்டியிருக்கிறது. கூடியதாகச் சொன்ன மைலேஜ் அவ்வளவுதான்.

இதோடு போயிருந்தால் பணநஷ்டம் என்று விட்டிருப்பேன். ஆத்தாவுக்குச் செட்டிநாட்டு நகரத்தாரின் ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. காலையிலேயே டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. அழுத்திப் பிரேக் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கிற ஏற்பாடுதான் ஏபிஎஸ். தண்ணீர் பட்டிருக்கும் என்று கிளம்பிவிட்டேன். கிளம்பியிருக்கக் கூடாது. வயிரவன்பட்டியில் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையார்பட்டிக்குப் போகிற வழியில், ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். முன்பக்கம் பிடித்தது, பின்பக்கம் தனியாகக் கிளம்பி வலப்புறம் வீசியது. எதிரே வண்டி எதுவும் வராததால் பிழைத்தோம். ரோட்டை விட்டு இறங்கி, சகதியில் புதைந்து நின்றது. ஆத்தாவின் தோள் கதவில் இடித்து, இரண்டு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. எழுபத்தியோரு வயசு. "ஒண்ணுமில்லப்பா, நீ பயப்படாத" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

தேவகோட்டையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். சென்சர் எதிலும் கோளாறு இல்லை. நேர்ரோட்டில் போகும்போதே முன்சக்கரம் ஒரு வேகமும் பின்சக்கரம் ஒரு வேகமும் காட்டியதால் ஏபிஎஸ் தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறது. பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் போய், பின்பக்கம் லேசாகிவிடும். அங்கே தேய்ந்த டயர், ஏபிஎஸ்ஸும் இல்லை. ஈர ரோட்டில் வழுக்காமல் என்ன செய்யும்? இரண்டு டயர் மட்டும் மாற்றினால், முன்சக்கர இழுவை வண்டியாகவே இருந்தாலும் புதியதைப் பின்னால்தான் போட வேண்டும் என்றார். எனக்கு இது அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த பி.எம்.டபிள்யூ கதையையும் பார்த்துவிட்டேன். 3 சீரீஸில் சில மாடல்களில் முன்னால் 225/45 ஆர் 18, பின்னால் 255/40 ஆர் 18 வருவது உண்மை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன்னது 660 மி.மீ., பின்னது 661. அகலம்தான் வேறு, உயரம் ஒன்றே. அதுவும் வண்டியைச் செய்தவர்களே திட்டமிட்டுச் செய்தது. கடையில் கிடந்த சரக்கைத் தள்ளிவிடுவதற்கு இதைச் சொல்லலாமா?

கிடந்த சரக்குதான். டயரின் ஓரத்தில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். என் டயரில் 1420. அதாவது 2020ஆம் வருடத்தின் 14ஆவது வாரம். புது டயர் என்று பணம் வாங்கியிருக்கிறார்கள்.

திரும்பப் போனபோது, "ஓடின டயரை எப்படிண்ணே எடுக்கிறது? நீங்க பாத்துதானே மாட்டுனீங்க" என்றார். பில்லில் அளவும் இல்லை, டயரின் சீரியல் எண்ணும் இல்லை. கையில் எந்த ஆதாரமும் இல்லாமல் நின்றேன். மாட்டிய அன்று ஆத்தா காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவில் டயரின் எண் தெளிவாக விழுந்திருந்தது. அதை வைத்துத்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அங்கே தீரவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. கடன் வாங்கி நாலு டயரையும் 165/80இலேயே மாற்றிவிட்டேன். மறுநாளே ஏபிஎஸ் விளக்கு அணைந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணன் தன் ஸ்விஃப்டைக் கழுவிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். முன்னால் 175/65, பின்னால் 165/80. அதே கடை, அதே "14 இன்ச் டயர் – 2" பில். வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு பழநி போவதாக இருந்தவர், முதலில் டயரை மாற்றிவிட்டுத்தான் கிளம்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கடையில் இன்னும் எத்தனை பேருக்கு இதை மாட்டியிருக்கிறார்களோ தெரியவில்லை. உங்கள் வண்டியை இன்றைக்கே ஒரு தடவை குனிந்து பாருங்கள்.