பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டி.டி.பி. கடை: விண்டோஸ் 11-உம் லினக்ஸ் மின்ட் 22-உம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் நாங்கள் நடத்தும் டி.டி.பி. கடைக்குத் துணிக்கடைகளின் பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், இணைய விண்ணப்பங்கள், ஜெராக்ஸ் எனப் பலவகை வேலைகள் வருகின்றன. இவற்றோடு நேரம் பார்க்காமல் வருவது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இரவு பதினொரு மணிக்கு ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால், விடிவதற்குள் தெருச் சுவரில் போஸ்டர் இருக்க வேண்டும் என்றுதான் எங்கள் பகுதியில் எதிர்பார்ப்பார்கள். ஆகவே ஓர் இயங்குதளத்தைப் பற்றி நாங்கள் முதலில் கேட்பது, அந்த இரவில் அது கைகொடுக்குமா என்பதைத்தான்.

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நின்றுவிட்டன. கடையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. பத்தாம் தலைமுறை இன்டெல் செயலி உள்ளதை விண்டோஸ் 11-க்கு இலவசமாகவே உயர்த்த முடிந்தது. ஆறாம் தலைமுறை ஐ5 செயலி உள்ள மற்றொன்றுக்கு அந்த வழி இல்லை; டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறும், பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியும் இருக்க வேண்டும் என்பது விண்டோஸ் 11-இன் நிபந்தனை. இந்தச் சோதனையை ஏமாற்றி நிறுவும் முறைகள் பலருக்கும் தெரிந்தவையே என்றாலும், அவ்வாறு நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உறுதி இல்லாததால், வாடிக்கையாளரின் ஆதார் நகல் வந்துபோகும் கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினோம். உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டு 2024 ஜூலையில் வெளிவந்த இந்த வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

விண்டோஸ் 11-இல் எங்கள் வேலைக்கு உண்மையாகவே பயன்பட்ட புதிய வசதி, சாளரங்களை அடுக்கும் முறை. சாளரத்தைப் பெரிதாக்கும் பொத்தானின் மேல் சுட்டியை வைத்தால் அடுக்கும் வடிவங்கள் தோன்றுகின்றன. வாட்ஸ்அப்பில் வந்த உறவினர் பெயர்ப் பட்டியலை ஒருபுறமும் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறந்த போஸ்டரை மறுபுறமும் ஒரே சொடுக்கில் நிறுத்திவிடலாம். பெயர் விடுபட்டால் குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வரும் என்பதால், பட்டியலைக் கண்முன் வைத்துக்கொண்டே தட்டச்சு செய்வது எங்களுக்குப் பெரிய உதவி. மின்டிலும் சாளரத்தைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் பாதியாக நிற்கும். ஆனால் அத்தனை வடிவங்கள் இல்லை.

கோப்புறைச் சாளரத்தில் தாவல்கள் வந்ததும், நோட்பேடை மூடித் திறந்தாலும் சேமிக்காத எழுத்து அப்படியே இருப்பதும் நல்ல மாற்றங்கள். இதில் தாவல் மின்டுக்குப் புதிதன்று. அதன் நீமோ கோப்பு மேலாளர் எஃப்3 விசையை அழுத்தினால் ஒரே சாளரத்தை இரண்டாகப் பிரித்தும் காட்டுகிறது, பென்டிரைவிலிருந்து கோப்புகளை நகலெடுக்கையில் இதுவே எளிது. மறுபுறம், விண்டோஸ் 11-இல் வலச் சொடுக்குப் பட்டியலைச் சுருக்கி, பழைய கட்டளைகளில் சிலவற்றை இன்னொரு சொடுக்குக்குப் பின்னால் வைத்திருப்பது நாள் முழுவதும் கோப்புகளோடு புழங்குபவருக்குத் தாமதமே. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ஆவணம் எழுத உதவிய வேர்ட்பேடும் இல்லை.

தமிழ் எழுத்துகளைப் பொறுத்தவரை அலசல் இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழி உருவான தமிழ்99 விசைப்பலகை இரண்டு இயங்குதளங்களிலும் கிடைக்கிறது. விண்டோஸில் அமைப்புகளுக்குள் சென்று தமிழ் மொழியோடு அதைச் சேர்த்தால் போதும். மின்டில் கவனம் தேவை: விசைப்பலகை அமைப்புப் பட்டியலில் காணப்படும் தமிழ்நெட்99 வெறும் விசை இடமாற்றம் மட்டுமே செய்கிறது; ‘க’வை இருமுறை அழுத்தினால் ‘க்க’ என்று புள்ளி தானாக விழும் தமிழ்99-இன் சிறப்பு அதில் வராது. ஐபஸ் உள்ளீட்டு முறையோடு பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் நிறுவி, அங்குள்ள தமிழ்99-ஐத் தேர்ந்தால்தான் கை பழகிய வேகம் திரும்பும். இதை அறியாமல் முதல் இரண்டு நாள்களை வீணாக்கினோம்.

பழைய கோப்புகளின் நிலை வேறு. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த பத்திரிகைகள் எங்களிடம் நூற்றுக்கணக்கில் உள்ளன. எழுத்துருக் கோப்பை நகலெடுத்து நிறுவினால் மின்டின் ஆவண மென்பொருளான லிப்ரே ஆபீஸிலும் பாமினி எழுத்துகள் சரியாகவே தெரிகின்றன. ஆனால் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறந்தாலும், பத்தி அகலமும் படங்களின் இடமும் எங்கள் கோப்புகளில் குலைந்தன. கோரல்டிராவுக்கும் போட்டோஷாப்புக்கும் லினக்ஸ் பதிப்பே கிடையாது. எனவே போஸ்டர், பத்திரிகை வேலைகளுக்கு விண்டோஸ் கணினியே என்பதில் எனக்குத் தயக்கமில்லை. அந்தக் கணினியிலும் லதா எழுத்துருவில் அமைந்த பழைய ஆவணங்கள் வேறு எழுத்துருவில் திறந்தால், விருப்பக் கூறுகள் பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும்.

புதுப்பிப்பு முறையில் மின்ட் தெளிவாக முந்துகிறது. புதுப்பிப்பு வந்திருப்பதை ஓர் அடையாளத்தால் தெரிவித்துவிட்டு அது காத்திருக்கும்; நிறுவும் நேரத்தையும் மறுதொடக்கம் செய்யும் நேரத்தையும் நாமே முடிவு செய்கிறோம். டைம்ஷிஃப்ட் என்ற கருவி கணினி அமைப்பின் நிலையைப் பதிவு செய்து வைப்பதால், ஒரு புதுப்பிப்பு ஒத்துவராவிட்டால் முந்தைய நாளுக்குத் திரும்பிவிடலாம். வாடிக்கையாளர் கோப்புகள் அந்தப் பதிவில் வழக்கமாகச் சேராததால், அவற்றை மட்டும் தனியே நகலெடுக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் புதுப்பிப்பை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம், மறுதொடக்கம் நிகழக்கூடாத வேலை நேரத்தை நாளொன்றுக்கு 18 மணி நேரம் வரை குறிக்கலாம். எஞ்சும் ஆறு மணி நேரத்தை நாங்கள் காலை மூன்று முதல் ஒன்பது வரை என்று வைத்திருக்கிறோம். அதற்குள் போஸ்டர் அச்சுக்குப் போயிருக்கும். விண்டோஸ் 10-க்குத் திரும்பும் வழி, உயர்த்திய பிறகு பத்து நாள்கள் மட்டுமே திறந்திருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்தப் பத்து நாள்களுக்குள் பிரிண்டர், ஸ்கேனர், பழைய எழுத்துருக்கள் அனைத்தையும் சோதித்து முடித்தோம்.

விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவுபவர்கள் இரண்டைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மைக்ரோசாப்ட் கணக்குடன் நிறுவினால் பல கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. அதன் மீட்புக் குறியீடு அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது; அதைத் தாளிலும் அச்சிட்டுப் பத்திரப்படுத்துவது நல்லது. மதர்போர்டு பழுதாகும் நாளில் அது எங்கிருந்தும் கைக்குக் கிடைக்காவிட்டால், கோப்புகள் அனைத்தும் பூட்டிய அறைக்குள் போய்விடும். அடுத்து, டெஸ்க்டாப்பும் ஆவணங்கள் கோப்புறையும் மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவுக்கு நகலாகின்றனவா என்று பார்த்து, பிறருடைய சான்றிதழ்களைக் கையாளும் கடையாயின் அதை நிறுத்திவிடுவதே நேர்மை.

விண்ணப்பம் நிரப்புவது, பி.டி.எஃப். அச்சிடுவது, ஸ்கேன் செய்வது ஆகியவற்றுக்கு மின்ட் போதுமானதாக இருக்கிறது. எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தி எட்டு ஜி.பி. நினைவகம் வைத்த பிறகு அந்தப் பழைய கணினியின் வேகம் கூடியது கண்கூடு. கடையில் வேலை செய்யும் தம்பி, “அண்ணா, இந்த மிஷின்லயே நான் ஒக்காந்துக்கிறேன்” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். விண்டோஸில் மட்டும் இயங்கும் டிஜிட்டல் கையொப்ப மென்பொருள் தேவைப்படும்போது அவரும் மற்ற கணினிக்குத்தான் எழுந்து வர வேண்டியிருக்கிறது.

விண்டோஸ் 10-இலேயே இருந்துகொண்டு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் சேர்வது மூன்றாவது வழி. வீட்டுப் பயனாளர்களுக்கான அத்திட்டம் 2026 அக்டோபர் 13 வரை மட்டுமே என்பதால், முடிவை ஓராண்டு தள்ளிப்போட உதவுமே அன்றி வேறு பயனில்லை.

2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பெற்ற பழைய மடிக்கணினிகளைத் தண்டையார்பேட்டை, வியாசர்பாடியிலிருந்து சிலர் கொண்டுவந்து இப்போது என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு மின்டின் இலகுவான வடிவமான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, வட்டில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே இயக்கிக் காட்டுகிறேன். வைஃபையும் ஒலியும் பிரிண்டரும் இயங்குவதை அவர்களே பார்த்த பிறகுதான் நிறுவுகிறேன்.