ரிட்டர்ன் பெட்டியை அப்படியே திறந்துவிடாதீர்கள்: எங்களுக்கு 42,000 ரூபாய் போச்சு

ஆன்லைன் தளத்தில் நாங்கள் விற்ற நகையை வாங்கினவர் திருப்பி அனுப்பிவிட்டார்; நேற்று மதியம் அந்த ரிட்டர்ன் பெட்டி வந்தது. அப்பா பட்டறையில் உட்கார்ந்தபடியே பிரித்தார். அதிலிருந்த சூரியன் என்ற தலைநகையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்களே, இது நம்ம வேலை இல்ல" என்றார்.

நாங்கள் நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள். அனுப்பியது பரதநாட்டியத் தலைசாமான்: நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி. அத்தனையும் வெள்ளி. தகட்டை வெட்டிக் கூடு கட்டி, சிவப்புக் கெம்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, தங்க ரேக்கு என்கிற மெல்லிய தங்கத் தாள் ஒட்டி முடிக்க 12 நாள் ஆனது. வந்திருப்பதோ செம்புத் தகட்டில் முலாம் பூசி, கல்லைப் பசை வைத்து ஒட்டினது. நகத்தால் நெம்பினேன், ஒரு கல் கழன்று விழுந்தது. நாங்கள் அனுப்பியது 148 கிராம். வந்தது 91.

இந்த ஆன்லைன் விற்பனைத் தளத்தில் சேரச் சொல்லி ஒரு பையன் மூன்று தடவை பட்டறைக்கே வந்தான். "புவிசார் குறியீடு வாங்கின பொருள் அண்ணாச்சி, இதைப் போய் கடைக்காரங்களுக்குக் கூலிக்குச் செய்றீங்களே. நேரா வித்தா முழுக்காசும் உங்களுக்குத்தான். ரிட்டர்ன் வந்தாலும் நாங்க செக் பண்ணித்தான் அனுப்புவோம்" என்றான். அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா அவனுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

நேற்றிலிருந்து ஏழு தடவை கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டுவிட்டேன். முதலில் 24 மணி நேரம் பொறுங்கள் என்றார்கள். அப்புறம் எடையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். 24 மணி நேரம் ஆகும் முன்பே, இன்று காலை, "திறக்கும்போது வீடியோ எடுத்தீங்களா மேடம்? இல்லன்னா கேஸ் குளோஸ்" என்கிறார்கள். வாங்கினவருக்கு 42,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாச்சாம். நகையும் அவரிடம், பணமும் அவரிடம். அந்தப் பையனைக் கூப்பிட்டால், "நான் இப்போ வேற டீம் அக்கா" என்கிறான். வெள்ளி விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் கடனுக்கு எடுத்த வெள்ளி அது. 42,000 ரூபாயை நாங்கள் எங்கே போய்ப் புரட்டுவது?

நம் தொழில்காரர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. வீடியோ எடுக்காமல் எந்த ரிட்டர்னையும் பிரிக்காதீர்கள். அனுப்பும் முன் நகையைத் தராசில் வைத்து, பின்பக்கம் தெரிய ஒரு படம் எடுங்கள். வாயால் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். சரி, நான் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொல்லப் போகிறேன். இப்படிப் பொருள் மாறி வந்து யாருக்காவது பணம் திரும்பக் கிடைத்திருந்தால், எப்படி என்று தயவுசெய்து எழுதுங்கள்.